தடிமன் எங்கே போயிற்று?

(வலிகாமத்துச் சனசமூக நிலையமொன்றின் மண்டபத்திலே, பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நாம் ஆற்றிய உரை. அன்பர்கள் சிலரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கு வெளியிடப்படுகின்றது.)

   

இன்றைய சொற்பொழிவு கொரோனாவைப் பற்றியது என்று தலைவர் அவர்கள் அறிவித்தபோது, சபையிலே சிலர் முகஞ் சுளித்ததை நாம் கவனித்தோம். குற்றமில்லை. அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சலித்த காதுகள் நமக்கும் உண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: நாம் கொரோனாவைப் பற்றிப் பேச வரவில்லை. அந்த நோய் ஊரை அடைத்து வைத்திருந்த காலத்திலே நம் பிள்ளைகளை விட்டு அகன்றிருந்த தடிமனையும் இருமலையும் மூச்சு இழுப்பையும் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அவை எங்கே போயின? ஏன் போயின? போனவை ஏன் திரும்பின? இந்த மூன்று கேள்விகளே இன்று நம் முன் நிற்பவை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை எண்ணிப் பாருங்கள். மாத நடுப்பகுதியில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆந் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. சில நாட்களுக்குள் அரியாலையிலிருந்து கிளம்பிய செய்தி குடாநாட்டையே உலுக்கிற்று. ஏனைய மாவட்டங்கள் பலவற்றில் இடையிடையே ஊரடங்கு தளர்த்தப்பட்டபோதும், அபாய வலயமென்று குறிக்கப்பட்ட சில மாவட்டங்களுள் ஒன்றாக யாழ்ப்பாணம் கதவடைத்துக் கிடந்தது. ஜூலையிலே படிப்படியாகத் திறந்த பாடசாலைகள் ஒக்டோபரிலே மீண்டும் மூடின. டிசெம்பரிலே மருதனார்மடம் கொத்தணி வந்தது. 2021 ஏப்ரில் இறுதியில் திரும்பவும் மூடிய பாடசாலைகள், அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதியே, அதுவும் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த சிறு பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளிலிருந்து, திறக்கத் தொடங்கின. நல்லூர்க் கந்தனின் திருவிழாக்கூட இரண்டு ஆண்டுகள் மட்டுப்படுத்தப்பட்ட அடியார்களுடனேயே நடந்தேறியது.

அந்நாட்களிலே தும்மல் என்பது என்ன பாடுபட்டது! பிள்ளை தும்மினால் "நூறு" என்று வாழ்த்துவது நம் பாட்டிமாரின் வழக்கம். அவ்வாண்டுகளிலோ தும்மிய பிள்ளையை வாழ்த்துவாரில்லை. பக்கத்தில் நின்றவர் விலகி ஓடினார். இருமலை மறைத்த வீடுகள் எத்தனை! பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், படலையில் அறிவித்தல் ஒட்டுவார், இராணுவம் நடாத்திய தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு வாகனம் வரும் என்ற அச்சம். வடக்கிலே வாழ்ந்தவர்களுக்கு இராணுவ வாகனம் வீட்டு வாசலில் வந்து நிற்பதென்பது வெறும் சுகாதார நடவடிக்கையாகத் தோன்றாது என்பதைக் கொழும்பில் உத்தரவிட்டவர்கள் உணர்ந்தார்களோ, நாமறியோம். அது வேறு கதை.

நாம் கேட்பது இதுதான். அவ்விரண்டு ஆண்டுகளின் மாரி காலத்திலே உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை தடவை தடிமன் பிடித்தது? வழக்கமாக ஐப்பசி மழை தொடங்கினால் மார்கழிப் பனி முடியும்வரை மூக்கு ஒழுகாத நாளில்லை என்று சொல்லும் தாய்மார் இங்கே இருக்கின்றீர்கள். முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதலாண்டிலே மாதம் ஒரு முறை காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரடங்கிலே அது எப்படியிருந்தது? சிலர் தலையசைக்கின்றீர்கள். ஆனால் தலையசைப்பு கணக்காகாது. நினைவு ஏமாற்றும். வைத்தியசாலைக்குப் போகப் பயந்ததால் நோய் குறைந்ததுபோலத் தோன்றியிருக்கவும் கூடும். ஆகவே, எண்ணிப் பார்த்த நாடுகளிடம் போவோம்.

மேற்கு அவுஸ்திரேலியாவிலே பிள்ளைகளின் வைத்தியசாலைகளில் மூக்குச் சளியைப் பரிசோதித்து வைரசுகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. 2020ஆம் ஆண்டின் குளிர்காலத்திலே அங்கே ஆர்.எஸ்.வி. என்னும் வைரசு 98 சதவீதம் குறைந்தது. இன்புளுவன்சா 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நியூசிலாந்திலும் ஏறத்தாழ இதே கதை. ஆர்.எஸ்.வி. என்பது யாது என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்கு அது வெறும் தடிமன். ஆறு மாதக் குழந்தைக்கோ அது நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்து, மார்பு உள்ளிழுத்து, பால் குடிக்க முடியாமற் செய்யும் நோய். இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் ஒரு முறையேனும் தொட்டுவிடுவது. 2019ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 36 இலட்சம் பேரை இது வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தியது என்றும், ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டனர். அந்த மரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நம்மைப்போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை.

இப்படிப்பட்டதொரு நோய் ஒரு பருவம் முழுவதும் ஒளிந்துகொண்டது. மருந்தாலா? இல்லை. தடுப்பூசியாலா? அதுவும் இல்லை. மனிதர் மனிதரை நெருங்காதிருந்ததாலும், எல்லைகள் அடைபட்டதாலும், கை கழுவியதாலும், முகத்தை மூடியதாலும். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் அந்தக் குளிர்காலத்தின் பெரும்பகுதியில் பாடசாலைகள் திறந்தேயிருந்தன! பிள்ளைகள் வகுப்பறையில் கூடியிருந்தும் நோய் வரவில்லை. "பாடசாலையை மூடியதால்தான் பிள்ளைகள் தப்பினர்" என்று அவசரப்பட்டுச் சொல்வோர் இதை மனங்கொள்ள வேண்டும். விதை வந்து விழாத நிலத்திலே பயிர் முளைப்பதில்லை.

ஆனால் எல்லா வைரசுகளும் பணிந்துபோகவில்லை. சாதாரண தடிமனை உண்டாக்கும் றைனோ வைரசு மட்டும் ஊரடங்கின் முதற் சில வாரங்கள் பதுங்கியிருந்துவிட்டு, பாடசாலை திறந்த இடமெங்கும் தலைதூக்கியது. ஹொங்கொங்கிலே 2020 இலையுதிர்காலத்தில் பிள்ளைகள் முகக்கவசத்தோடுதான் வகுப்புக்குப் போனார்கள். அப்படியிருந்தும் தடிமன் பரவி, நவெம்பரிலே சின்ன வகுப்புகளை மீண்டும் நிறுத்தவேண்டியதாயிற்று. காரணம் என்ன? கொரோனா, இன்புளுவன்சா, ஆர்.எஸ்.வி. ஆகிய மூன்றுக்கும் மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சவர்க்காரமும் மதுசாரமும் அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போனால் வைரசு செத்தது. றைனோ வைரசுக்கு உறையே இல்லை. கைகளுக்குப் பூசும் மதுசாரத் திரவத்துக்கு அது எளிதில் மசியாது. மேசையிலும் பென்சிலிலும் மணிக்கணக்காக உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவுதல் வேறு, போத்தலிலிருந்து இரண்டு துளி தடவிக்கொள்ளல் வேறு. நம் பாடசாலைகளின் வாசலிலே அந்நாட்களில் கால்மிதி நீர்க்குழாய் வைத்த பழைய மாணவர்களுக்கு நன்றி கூறவேண்டும். அவற்றுள் எத்தனை இன்று தண்ணீர் வரும் நிலையில் உள்ளன என்பதை அதிபர்கள்தாம் சொல்லவேண்டும்.

இன்னுமொரு விந்தையைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. நிமோனியாக் காய்ச்சலையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நியூமோகொக்கசு என்ற பக்றீரியா, ஆரோக்கியமான பிள்ளைகளின் மூக்குக்குள்ளேயே சும்மா குடியிருக்கும். 2020இலே இக்கிருமியால் உண்டாகும் கடும் நோய்கள் பல நாடுகளில் வெகுவாகக் குறைந்தன. அப்படியானால் பிள்ளைகளின் மூக்கிலிருந்தும் கிருமி போயிருக்க வேண்டுமல்லவா? இசுரவேல் நாட்டு வைத்தியர்கள் பரிசோதித்துப் பார்த்தார்கள். கிருமி பெரும்பாலும் பழையபடியே அங்கே இருந்தது! நோய் மட்டும் குறைந்திருந்தது. ஏன்? ஆர்.எஸ்.வி.யும் இன்புளுவன்சாவும் இல்லாமற் போனமையே பெருங் காரணம் என்று அவர்கள் கருதினர். வைரசு வந்து மூச்சுப்பாதையின் மென்றோலைப் புண்ணாக்கிக் கதவைத் திறந்துவிட்டாற்றான், வாசலிற் காத்திருந்த பக்றீரியா உள்ளே புகும். "சும்மா தடிமன்தானே" என்று நாம் அலட்சியஞ் செய்யும் தடிமன், பெருநோய்க்கு வழிகாட்டியாக நடந்துவருவதுண்டு.

சரி, போனவை திரும்பின. எப்படித் திரும்பின?

மேற்கு அவுஸ்திரேலியாவில் ஆர்.எஸ்.வி. 2020இன் இறுதியில், கோடை வெயிலிலே வந்தது. வரவேண்டிய பருவமே அதுவன்று. வந்தபோது முன்னைய ஆண்டுகளைவிடப் பெரிதாக வந்தது. நோயுற்ற பிள்ளைகளின் வயதும் மாறியிருந்தது. வழக்கமாக ஒரு வயதையொட்டி நிற்கும் இடைநிலை வயது ஒன்றரை வயதாக உயர்ந்திருந்தது. நியூசிலாந்து, 2021 ஏப்ரிலிலே அவுஸ்திரேலியாவுக்கு எல்லையைத் திறந்தது. அடுத்து வந்த குளிர்காலத்திலே அங்குள்ள வைத்தியசாலைகள் கைக்குழந்தைகளால் நிரம்பின. 2022 முடிவிலே பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் தொண்டை அழற்சியை உண்டாக்கும் ஸ்திரெப்தோகொக்கசுக் கிருமி பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கிற்று. 2023 தொடக்கத்திலே மேற்கு வங்காளத்தில் அடினோ வைரசு; அவ்வாண்டு மாரி தொடங்கும் வேளையில் வடசீனத்தில் பிள்ளைகளின் நிமோனியா. இவற்றுக்கெல்லாம் ஒரே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எல்லாம் ஊரடங்கு நீங்கிய நாடுகளில், பருவந் தவறியும் அளவு மீறியும் வந்தவை.

பிரெஞ்சு நாட்டுக் குழந்தை வைத்தியர் சிலர் 2021இலேயே இதற்கொரு பெயர் வைத்தனர்: எதிர்ப்புக் கடன். கிருமிகளைச் சந்திக்காத காலத்திலே உடல் தேடிக்கொள்ளாத எதிர்ப்பு, பின்னர் ஒரு நாள் கட்டவேண்டிய கடனாக நிற்கும் என்பது கருத்து. பெயர் நன்றாயிருக்கின்றது. நன்றாயிருக்கும் பெயர்களிடம் நாம் சற்று எச்சரிக்கையாயிருப்பது வழக்கம். ஏனெனில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு எல்லா நோயும் வரட்டும், அப்போதுதான் உடம்பு வைரமாகும்" என்று சொல்வோர் நம் ஊரிலும் தோன்றிவிட்டனர். இது தவறு. கைக்குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. வருவதால் யாதொரு நன்மையுமில்லை. மூன்று மாதத்தில் வருவதைவிட இரண்டு வயதில் வருவது எவ்வளவோ மேல். அதற்குள் மூச்சுக்குழாய் அகன்றிருக்கும், பிள்ளைக்குத் தாங்குஞ் சக்தி வந்திருக்கும். வீட்டிலிருந்த பிள்ளையின் உடம்பு வீட்டிலிருந்ததால் பழுதாகிவிடவில்லை.

அப்படியானால் கடன் எங்கே இருக்கின்றது? நாம் சொல்கின்றோம்: கடன் பிள்ளையின் உடம்பில் இல்லை, வைத்தியசாலையின் கட்டிலில் இருக்கின்றது. மூன்று ஆண்டுகளில் பிரிந்து வரவேண்டிய பிள்ளைகள் ஒரே மாரியில் வருவார்கள். முந்திய ஆண்டு வராத நோய், அந்தப் பிள்ளைக்கும் வரும், அதன் தம்பிக்கும் வரும், புதிதாய்ப் பிறந்த தங்கைக்கும் வரும். இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் கருவிலேயே பிள்ளைக்குச் சென்று, பிறந்த முதற் சில மாதங்கள் அதைக் காக்கும். இரண்டு ஆண்டுகள் அந்த வைரசைச் சந்திக்காத தாயிடம் கொடுப்பதற்கும் குறைவாகவே இருந்தது. விடுதியிலே முப்பது கட்டில் இருக்க அறுபது பிள்ளைகள் வந்தால், இறப்பது நோயினால் மட்டுமன்று. கட்டிலின்மையாலும், பிராணவாயுக் குழாயின்மையாலும், களைத்துப்போன தாதிமாராலும் இறப்பர்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகள் முழுமையாகப் பாடசாலைக்குத் திரும்பிய காலம் எது? 2022. அந்த ஆண்டைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமா? ஏப்ரில் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்புக் கடனைப் பிள்ளைகள் கட்டத் தொடங்கிய அதே வேளையில், நாடு தன் கடனைக் கட்ட மாட்டேனென்று கைவிரித்தது! மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெற்றோலுக்கு வரிசை. எரிவாயு இல்லை. வைத்தியசாலைகளிலே மருந்துத் தட்டுப்பாடு. இரவிலே பிள்ளைக்கு மூச்சு முட்டினால் முச்சக்கர வண்டிக்கு எண்ணெய் இல்லை. எரிபொருளில்லாமல் ஜூன், ஜூலை மாதங்களில் பாடசாலைகள் மறுபடி மூடிக் கிடந்தன. எரிவாயு அடுப்பிலே சமைத்த வீடுகள் பல விறகடுப்புக்குத் திரும்பின. விறகுப் புகை கைக்குழந்தையின் நுரையீரலுக்குக் கொடிது. நிமோனியா வரும் வாய்ப்பை அது கூட்டுமென்பது உலகறிந்த உண்மை. அடுக்களையிலே தாயின் இடுப்பில் இருந்துகொண்டு புகையைக் குடித்த பிள்ளைக்குச் சமூக இடைவெளியைப் பற்றி என்ன சொல்வது?

இடைவெளி என்பதே இடமுள்ளவனின் உடைமை. யாழ்ப்பாணத்தார் இதை எவரிடமும் கற்கவேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்திலே ஆளுக்கும் ஆளுக்கும் எத்தனை அடி இடைவெளி இருந்தது? சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பாடசாலை மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும், ஒரு பாயில் இரண்டு குடும்பம் படுத்த மாரி அது. இந்தச் சபையிலே அன்று பிள்ளையாக இருந்தோர் பலர் இருக்கின்றீர்கள். ஒரு பிள்ளை இருமினால் மண்டபம் முழுவதும் இருமிய அந்த இரவுகளை நீங்கள் அறிவீர்கள். நெருக்கம் பிள்ளைகளின் நெஞ்சை என்ன செய்யும் என்பதை நாம் முதலிற் கற்றது பெருந்தொற்றிலன்று, இடம்பெயர்விலே.

ஆகவே பாடசாலையை மூடுவதை நாம் வைத்தியமாகக் கொள்ளவில்லை. மூடியதன் விலையை நீங்கள் கண்டீர்கள். தீவகத்திலும் வன்னி எல்லையிலும் கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் இருந்தது? எழுத்துக் கூட்ட வேண்டிய வயதில் அந்த ஆண்டை இழந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு எப்படிப் போய் இருந்தார்கள்? தடுப்பூசி விடயத்திலும் கவனந் தளர்ந்தால் என்னாகும் என்பதற்குச் சின்னமுத்து சாட்சி. 2019இலே இந்நாட்டிலிருந்து ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்த நோய், 2023இலே திரும்பி வந்தது.

ஊரடங்கில்லாமலே செய்யக்கூடியவை பல உள. அவற்றுள் முதலாவது காற்று. நம் பழைய பாடசாலைகளைக் கட்டியவர்கள் கிருமி நூல் படித்தவர்களல்லர். ஆனால் இடுப்பளவு அரைச்சுவர் எழுப்பி, அதற்கு மேலே காற்றுக்கு வழிவிட்டு, நீண்ட விறாந்தையும் வைத்தார்கள். ஓலைக் கொட்டிலிலே நடந்த அந்நாளைய ரியூசன் வகுப்புகளை நாம் ஏளனஞ் செய்ததுண்டு. மழைச்சாரல் அடிக்கும், புத்தகம் நனையும். ஆயினும் இருமிய பிள்ளையின் மூச்சு கொட்டிலுக்குள் தங்கவில்லை. இன்றோ? கண்ணாடி யன்னல், அடைத்த கதவு, குளிரூட்டி, அதற்குள்ளே நூறு பிள்ளைகள் தோளோடு தோள். போய்வரும் வானும் அப்படியே. பெருந்தொற்றிலே காற்றின் அருமையை உலகத்து விஞ்ஞானிகள் உரத்துச் சொல்லியபின்னும், நாம் அரைச்சுவரை இடித்துக் கண்ணாடி பதிக்கின்றோம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: குளிரூட்டிக்குக் கொடுக்கும் பணத்தை உயர்ந்த கூரைக்கும் மின்விசிறிக்கும் கைகழுவும் குழாய்க்கும் கொடுங்கள்.

இரண்டாவது, நோயுற்ற பிள்ளையை வீட்டில் நிறுத்தல். இதைச் சொல்வது எளிது. ஒரு நாளும் தவறாது வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவிலே கிண்ணம் கொடுக்கின்றோம். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கும் சேர்த்தே கொடுக்கின்றோம்! நாமும் ஒரு காலத்தில் அப்படியொரு பரிசைப் பெருமையோடு வாங்கியவர்கள்தாம். எத்தனை பேருக்குத் தடிமனைப் பகிர்ந்தளித்து அதைப் பெற்றோமென்று இப்போதுதான் எண்ணுகின்றோம். அந்தப் பரிசை நிறுத்துவதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் தோட்டத்திலே நாட்கூலிக்குப் போகும் தாய், பிள்ளைக்கு இருமல் என்று வீட்டிலிருந்தால் அன்றைய கூலி யார் கொடுப்பது? அரசாங்க உத்தியோகத்தருக்கு லீவு உண்டு. அவளுக்கு இல்லை. அவளைப் பார்த்து "பொறுப்பற்றவள்" என்று முன்பள்ளி வாசலிற் சொல்வதற்கு முன் நாவை அடக்குவோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தடிமனுக்கெல்லாம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கேட்டு வைத்தியரை நெருக்காதீர்கள். அது வைரசைத் தொடாது. பிள்ளையின் மூச்சை எண்ணுங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அறுபது, ஒரு வயதுக்கு உட்பட்டதற்கு ஐம்பது, அதற்கு மேல் ஐந்து வயது வரை நாற்பது. இந்த அளவை எட்டினாலோ கடந்தாலோ தாமதியாதீர்கள். மூச்செடுக்கையில் விலாவின் கீழ் குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஆர்.எஸ்.வி.க்குத் தடுப்பு இல்லையா என்று முன்வரிசையில் ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கின்றார். உண்டு. கருவுற்ற தாய்க்குப் போடும் தடுப்பூசி 2023இலே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. 2024 செப்டெம்பரிலிருந்து பிரித்தானிய அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கின்றது. இலண்டனிலே கருவுற்றிருக்கும் நம் மருமகளுக்கு அது கிடைக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மரணங்கள் நிகழும் பக்கத்திலேயோ, அது பரவலாகக் கிட்டவில்லை. ஐங்கூட்டுத் தடுப்பூசியை 2008இலே ஊருக்கெல்லாம் கொடுத்துக் காட்டிய நாடு இது. கொடுக்கும் ஆற்றல் நம் குடும்பநல உத்தியோகத்தர்களிடம் உண்டு. வாங்கும் மனம் கொழும்பில் வேண்டும்.

கேட்பதற்கு நம் கையில் கணக்கு வேண்டும். இங்கேதான் நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகின்றோம். அவுஸ்திரேலியாவின் கணக்கைச் சொன்னோம். நியூசிலாந்தின் கணக்கைச் சொன்னோம். யாழ்ப்பாணத்தின் கணக்கைச் சொல்லவில்லை. கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகின்றது. ஆங்கிலத்திலே வருகின்றது. அதிலே யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையிலே டெங்கு உண்டு, வயிற்றுளைவு உண்டு, நெருப்புக் காய்ச்சல் உண்டு, எலிக்காய்ச்சல் உண்டு, கொப்புளிப்பான் உண்டு. பிள்ளைகளின் நிமோனியாவுக்கோ மூச்சு இழுப்புக்கோ அங்கே இடமில்லை. 2020இலே நம் பிள்ளைகளின் நெஞ்சுநோய் எவ்வளவு குறைந்தது, 2022இலே எவ்வளவு கூடியது என்பதை நம் ஊர்த் தாய் ஒருத்தி தன் மொழியில் வாசித்தறிய வழியில்லை. எண்ணப்படாத நோய்க்குக் கட்டில் ஒதுக்குவார் யார்?

வசதி இல்லையென்று சொல்ல முடியாது. 2020இலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடத்திலே பி.சி.ஆர். பரிசோதனை தொடங்கியது. கொரோனாவை அறியும் அந்த முறையே ஆர்.எஸ்.வி.யையும் இன்புளுவன்சாவையும் அறியவும் உதவும். வேண்டியது அதற்குரிய இரசாயனமும் ஆளும் பணமும். வாரத்துக்குச் சில பிள்ளைகளின் மூக்குச் சளியேனும் இங்கேயே பரிசோதிக்கப்பட்டு, முடிவு தமிழிலே ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வாசலிலும் ஒட்டப்படுமானால், எந்த வாரத்தில் கைக்குழந்தையைக் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகாதிருக்க வேண்டும் என்பதை ஊரே அறிந்துகொள்ளும்.

தலைவர் அவர்கள் இக்கூட்ட முடிவிலே மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அனுப்பும் பொருட்டு ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கின்றார்கள். வரைவைப் பார்த்தோம். முன்பள்ளிகளின் மலசலகூடம் பற்றியும் குடிநீர் பற்றியும் அதில் உண்டு. இந்த வாராந்தக் கணக்கையும் மூன்றாவதாக அதிற் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு, அமர்கின்றோம்.